பெரிய வெள்ளியில் ஒரு சிவப்புக் கோடு

குண்டசாலை
10.03.2025

அப்புடி இல்ல ஜெஸ்மின். கதவு தொறந்து கெடந்தா வீட்டுல ஆள் இல்லன்னு அர்த்தமா? நேத்து போன்ல நீ கேட்டதுக்கு இப்ப பதில் சொல்றேன். நேத்து சொல்லாததுக்கு காரணம் கோவம். போன கட் பண்ணது நான் தான். கரண்டும் போகல, சிக்னலும் போகல. அத மொதல்லயே சொல்லிர்றேன், பொறவு நீ அதுக்கும் ஒரு கோடு போட்டு பாத்துக்கிட்டு இருக்க வேணாம்.

மீன்காரன் வந்தான். நான் வெல கேட்டேன். அவன் சொன்னான். நான் சிரிச்சேன். அவன் கோவிச்சிக்கிட்டு பெட்டிய மூடுனான். பொறவு சமாதானம் ஆகி அவன் மகளோட கல்யாணக் கதைய பேசுனோம். இதுக்கெல்லாம் நேரம் போகாதா? ஒன் கிராப்புல நீலக் கோடு அம்புட்டு நேரம் மேல நின்னுச்சுன்னா, அது மீன் வெல. அம்மா வெளிய போனது இல்ல.

டிசம்பர்ல நத்தாருக்கு வந்த. புட்டு அவிச்சி குடுத்தோம், சாப்புட்ட. போறப்ப வீடு பூரா கண்ணு வச்சிட்டு போயிட்ட. கதவுல ஒண்ணு, குசினியில ஆள் நடமாடுதான்னு பாக்க ஒண்ணு, கேத்தல் ப்ளக்குல ஒண்ணு. அதுக்கு மேல, திருஇருதய படத்துக்கு கீழ கோடு ஓடுற பலகை ஒண்ண மாட்டி, "நீங்களும் பாத்துக்கிட்டு இருங்கப்பா"ன்னு சொன்ன. கதவு நீலமாம். குசினி பச்சையாம். கேத்தல் செவப்பாம். ஆண்டவரு பாக்குறது போதாதுன்னு நெனச்சியா?

கண்டி–ஹேவாஹெட்ட பஸ்ஸுல எத்தன வருசம் கண்டக்டரா நின்னவன் நான். செக்கர் ஏறுவாரு. எல்லாத்தயும் முன்னமே தெரிஞ்சி வச்சிக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி "எத்தன பேரு இருக்காங்க"ன்னு கேப்பாரு. நேத்து நீ கேட்ட கேள்வி அந்த மாதிரி. ஒனக்கு ஏற்கனவே தெரியும்னா அது பேச்சு இல்ல மகள், செக்கிங்.

நீ என்ன சொல்லிட்டு போனன்னு நான் மறக்கல. அம்மாவுக்கு மறதி வந்துக்கிட்டு இருக்கு, அவ வேலைய அவளே பாத்துக்கிற வரைக்கும் வீட்டுல வச்சிருக்கலாம்னு டொக்டர் சொன்னாரு. அது நின்னுச்சுன்னா நீர்கொழும்பு சிஸ்டர்மாரோட இல்லத்துல விட்டுறணும்னு நீ சொன்ன. அங்க பொம்பளைங்க மட்டுந்தான். நான் கேட்டுக்கு வெளிய நின்னு பாத்துட்டு வரணும். சரி. காலையில செவப்புக் கோடு எழும்புதா இல்லையா? பச்ச எழும்புதா இல்லையா? அப்ப என்ன.

இனி போன்ல பேச மாட்டேன். பேசுனா கோவம் வருது. எழுதி போட்டோ புடிச்சி அனுப்புறேன். நீயும் எழுது. எழுதுறப்ப மனுசன் கொஞ்சம் யோசிப்பான்.

அம்மா முத்தம் சொல்ல சொன்னா. இப்ப குளிக்கிறா.

அப்பா


மெல்பர்ன்
14.03.2025

அன்புள்ள அப்பா,

போன்ல பேச மாட்டேன் என்றால் நானும் எழுதுகிறேன். ஆனால் நான் செக்கர் இல்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பெரிய கட்டடங்களில் எவ்வளவு கரண்ட் போகிறது, எந்த அறை சூடாகிறது, எங்கே தண்ணீர் ஒழுகுகிறது என்பதையெல்லாம் கோடுகளாக வரைந்து கொடுக்கிறேன். நாள் முழுக்க ஊரார் வீட்டுக் கோடுகளைப் பார்க்கிறவள் என் வீட்டுக் கோட்டைப் பார்க்கக் கூடாதா?

நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன், அதற்குப் பிறகு கோபித்துக்கொள்ளுங்கள். அங்கே விடியும்போது இங்கே எனக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும். போனை மேசையில் நிமிர்த்தி வைப்பேன். சிவப்புக் கோடு எழும்பும். அம்மா கேத்தலைப் போட்டுவிட்டா. பிறகு பச்சை மெதுவாக ஏறும். அலுமாரியைத் திறக்கிறா, கோப்பையைக் கழுவுகிறா, சீனிப் போத்தலைத் தேடுகிறா. அப்போது நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பேன். அம்மா தேத்தண்ணி குடிக்க, நான் சோறு சாப்பிட, இரண்டு பேரும் ஒரே நேரத்தில். கூட வேலை செய்கிறவர்கள் நான் போனைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு யாரோ ஆள் இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

பெப்ரவரியில் எனக்குப் பயமாக இருந்தது. கோடுகள் தாறுமாறாகக் கிடந்தன. ஒரு நாள் விடியும் முன் கேத்தல் போகும், ஒரு நாள் போகவே போகாது. கொஞ்ச நாள் சிவப்பே இல்லை. நீங்கள் கேத்தல் பழுதாகிவிட்டது, புதியது வாங்கினோம் என்றீர்கள். அதற்குப் பிறகு எல்லாம் அழகாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே உயரம். புது மருந்து வேலை செய்கிறது என்று டொக்டருக்கும் எழுதினேன். கதவைப் பற்றிக் கேட்டது அதனால்தான். எல்லாம் இவ்வளவு நன்றாக இருக்கும்போது அது மட்டும் ஏன் என்று.

மீன் விலை என்றால் சரி. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் போன் எடுக்கும்போதெல்லாம் அம்மா குளிக்கிறா, அல்லது தூங்குகிறா, அல்லது கோயிலுக்குப் போயிருக்கிறா. ஒரு தடவை அவவைப் பேச வையுங்கள். ஹலோ சொன்னால் போதும்.

ஜெஸ்மின்


குண்டசாலை
23.03.2025

மகள்,

நேத்து மத்தியானம் பச்சக் கோட்ட பாத்தியா? பாக்கலன்னா இப்ப எடுத்து பாரு. ஒரு சின்ன மேடு, பொறவு ஒரு பெரிய மேடு, பக்கத்துல சரிவு. என்னன்னு தெரியுதா? ஹந்தானை மல. நான் தான் வரைஞ்சேன். குசினிக்குள்ள மொதல்ல மெதுவா நடந்தேன், பொறவு வெரசா நடந்தேன், உச்சியில கொஞ்சம் குதிச்சேன், பொறவு கதிரையில உக்காந்து எறங்கிட்டேன். நான் அஞ்சாம் வகுப்புக்கு மேல படிக்கல. ஒன் யூனிவசிட்டியில இத சொல்லி குடுத்தாங்களா?

அடுத்த கெழம யான வரையலாம்னு பாக்குறேன். தும்பிக்கைக்கு தான் கஷ்டம்.

பக்கத்து வீட்டு றம்லத் நோன்புக் கஞ்சி தந்து விடுறா, மதிலுக்கு மேலால. சுடச்சுட. நான் சும்மா இருக்காம, "நோம்பு புடிக்காதவனுக்கு கஞ்சி குடுத்தா ஒனக்கு நன்ம கொறஞ்சிறாதா"ன்னு கேட்டேன். "மனுவேல் நானா, நீங்க தவசு காலத்துல எறச்சி திங்காம இருக்கீங்கல்ல, அதுக்கு குடுக்குறேன்"னு சொல்லிட்டு போயிட்டா. நல்லா வாய் அவளுக்கு. அவ புருசன் ஹாஷிம் த்ரீவீலோட வாசல்ல நின்னுக்கிட்டு சிரிக்கிறான்.

அம்மாவுக்கு கஞ்சி புடிச்சிருக்கு. ரெண்டு கோப்ப குடிச்சா. குடிச்சிட்டு என்னய பாத்து, "கண்டக்டர், தலாத்துஓயா வந்தா சொல்லுங்க"ன்னா. பகிடிக்கு தான். கல்யாணத்துக்கு முந்தி கண்டி துணிக்கடையில வேல செஞ்சிட்டு அந்தியில என் பஸ்ஸுல தான வருவா. எத்தன தடவ சொல்லியிருக்கேன் ஒனக்கு. "இஸ்ஸரஹட யன்ன"ன்னு எல்லாரயும் முன்னுக்கு தள்ளிட்டு, இவ நிக்கிற எடத்த மட்டும் வுட்டு வைப்பேன். தலாத்துஓயாவுல எறங்கிப் போயிருவா. திரும்பியும் பாக்க மாட்டா. அந்த பழைய பேச்ச எடுத்து இப்ப சொல்றா. பகிடி.

பேச வைக்க சொல்ற. அவளுக்கு தொண்ட கட்டியிருக்கு. சொகமாகட்டும்.

புது மருந்துன்னு டொக்டருக்கு எழுதுனியா. அவரு என்ன சொன்னாரு? சரி, அது கெடக்கட்டும்.

அப்பா


மெல்பர்ன்
21.04.2025

அன்புள்ள அப்பா,

உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்துச் சொல்ல வேண்டிய கடிதம் இது. அதை எழுத முடியவில்லை.

பெரிய வெள்ளியன்று இங்கேயும் லீவு. ஒருசந்தி இருந்தேன். சாப்பாட்டுப் பெட்டி இல்லாவிட்டாலும் பழக்கத்தில் போனைத் திறந்தேன். அங்கே விடிகிற நேரம்.

சிவப்புக் கோடு எழும்பியது.

அப்பா, நம் வீட்டில் பெரிய வெள்ளியன்று என்றைக்காவது யாராவது அடுப்புப் பற்ற வைத்திருக்கிறார்களா? அந்தியில் கோயிலில் சிலுவை முத்தி செய்துவிட்டு வரும்வரை அம்மா குசினிக்குள்ளேயே போகமாட்டா. கேத்தல் கரண்டில்தானே போகிறது என்று நீங்கள் ஒரு தடவை கேட்டீர்கள். "நெருப்புன்னா நெருப்புதான்" என்றா. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்து நடுங்கிக்கொண்டு கிடந்தபோதுகூட, நம் அடுப்பில் வைக்காமல் றம்லத் ஆன்ட்டி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சுடுதண்ணீர் வாங்கிவந்தா. அந்த அம்மா கேத்தலைப் போட்டாவா?

மறந்துபோய்ப் போட்டுவிட்டா என்று முதலில் நினைத்தேன். அழுதேன். பிறகுதான் மற்ற நாட்களைத் திருப்பிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தேன். முதற் பூசைக்குப் போய் நன்மை வாங்கிவிட்டு வந்துதான் அம்மா தேத்தண்ணி குடிப்பா. கோட்டில் ஞாயிறு இல்லை, திங்கள் இல்லை. எல்லா நாளும் ஒரே நாள். இரண்டு மாதமாக அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். மனிசர் இருக்கிற வீட்டில் கோடு அப்படி வராது. இதைக் கட்டடக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

ஹந்தானை மலையை வரையத் தெரிந்தவருக்கு அம்மாவின் காலையை வரைவது கஷ்டமா?

நீங்கள் என்னை ஏமாற்றியதுகூடப் பெரிதில்லை. அம்மாவோடு சேர்ந்து சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அம்மா இல்லை.

மே 20ஆம் திகதிக்கு டிக்கட் போட்டுவிட்டேன். சிஸ்டருக்கும் எழுதிவிட்டேன். இல்லத்தில் ஒரு கட்டில் வைத்திருக்கிறார்களாம்.

ஜெஸ்மின்


குண்டசாலை
24.04.2025

ஆமா. நான் தான்.

இப்ப நீ சந்தோசமா இரு, செக்கர் புடிச்சிட்டாரு.

கேத்தல் பழுதாகல. அவ அத தூக்கி கேஸ் அடுப்புல வச்சி பத்த வச்சிட்டா. கரண்ட் கேத்தல, அடுப்புல. அடி உருகி ஒழுகிருச்சு. வீடு பூரா பொக. நான் ஓடி வந்து பாத்தப்ப கதிரையில உக்காந்து, "இன்னும் கொதிக்கலயே"ன்னு பாத்துக்கிட்டு இருக்கா. அடுப்பு திருப்புற காத கழட்டி என் கால்சட்ட பையில போட்டுக்கிட்டேன். இன்னைக்கும் அங்க தான் இருக்கு.

புது கேத்தல் வாங்குனேன். பலகைய பாத்தேன். செவப்பு தட்டையா கெடக்கு. நீ பாத்துக்கிட்டு இருக்கன்னு தெரியும். கோடு விழுந்தா நீர்கொழும்பு இல்லந்தான்னும் தெரியும். போட்டேன். கோடு எழும்புச்சு. அம்புட்டுதான். அடுத்த நாளும் போட்டேன்.

குசினியிலயும் நான் தான் நடந்தேன். அவ செருப்ப போட்டுக்கிட்டு நடந்தேன். சிரி. அந்த கருவிக்கு செருப்பு தெரியாதுன்னு எனக்கு தெரியும். இருந்தாலும் என் செருப்ப போட்டுக்கிட்டு அவளா நடக்க எனக்கு மனசு வரல. கால் விரலு வெளிய நீட்டிக்கிட்டு, சீனிப் போத்தல தேடுறதும் கோப்பைய கழுவுறதும். நல்ல வேள, ஒன் கருவி படம் புடிக்கல.

மீன்காரன் அன்னைக்கு வரவே இல்ல. அவ பைய மாட்டிக்கிட்டு எறங்கிப் போயிட்டா. தலாத்துஓயாவுக்கு. எங்க போனாலும் கதவ சாத்திட்டு போற பழக்கம் மட்டும் அவள விட்டு போகல. சாத்தாம ஓடுனது நான். சந்திக்கிட்ட புடிச்சேன். "கண்டக்டர், எங்க வூட்டுல தேடுவாங்க"ன்னு அழுதா. அவ வூட்டுல தேடுறது நான் தான்னு எப்புடி சொல்றது?

பெரிய வெள்ளி விசயம் நான் மறந்துட்டேன். அது தான் நெசம். அவ தான் எனக்கு எல்லா நாளயும் ஞாபகப்படுத்துறவ. சாம்பல் பூசுற நாள், ஒருசந்தி நாள், செத்தவங்களுக்கு பூச குடுக்குற நாள். அவ சொல்லலன்னா எனக்கு எல்லா நாளும் பஸ் ஓடுற நாள் தான். காலையில எந்திரிச்சேன், செருப்ப மாட்டுனேன், கேத்தல போட்டேன்.

இப்ப ஒண்ணு சொல்றேன், நம்புனா நம்பு. அவ பின்னாலயே வந்தா. கதிரையில உக்காரல. கேத்தல் சத்தம் போட ஆரம்பிச்சுச்சு. மூக்கு வழியா ஆவி வருது. அவ கிட்ட வந்து, ஒரு நிமிசம் பாத்துட்டு, சுவிச்ச அமத்துனா. "பெரிய வெள்ளியில நெருப்பு வைக்கிறீங்களே மனுவேல், ஒங்களுக்கு அறிவில்லையா"ன்னா.

மனுவேல்னு சொன்னா. கண்டக்டர்னு சொல்லல.

நான் கேத்தல் பக்கத்துலயே நின்னேன். அவ போயி ஜன்னல்கிட்ட உக்காந்துட்டா. பொறவு நான் பேர் சொல்லி கூப்புட்டேன், திரும்பி பாத்து, "எத்தன மணிக்கு பஸ்ஸு எடுப்பீங்க"ன்னா.

ஒன் கிராப்ப எடுத்து பாரு. அன்னைக்கு செவப்பு உச்சிக்கு போயிருக்காது. பாதி வழியில வெட்டுன மாதிரி விழுந்துருக்கும். அது அவ கை. ரெண்டு மாசத்துல அது மட்டுந்தான் அவ கை.

கட்டில் வைக்க சொன்னியாமே. நீ சொல்ற கோடு தான எல்லாத்தயும் தீர்மானிக்குது. இந்தா, கேத்தல் ப்ளக்க கழட்டிட்டேன். குசினி கண்ண கழட்டிட்டேன். கதவுல ஒட்டுனத பிச்சி அலுமாரியில பூட்டிட்டேன். பலகைய திருப்பி வச்சிட்டேன், மொகம் சுவத்துப் பக்கம். இனி நீ எத பாத்து முடிவு எடுப்பன்னு நானும் பாக்குறேன்.

மனுவேல்


மெல்பர்ன்
02.05.2025

அன்புள்ள அப்பா,

எல்லாக் கோடும் தட்டையாகக் கிடந்தது. மூன்றும். என் வேலையில் அப்படிக் கிடந்தால் கட்டடத்தில் யாரும் இல்லை என்று அர்த்தம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டேன், நீங்கள்தான் கழட்டினீர்கள் என்று தெரியும். தெரிந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என் மெசேஜ் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று நேற்று றம்லத் ஆன்ட்டி சொன்னா. நான்தான் அவவுக்கு போன் எடுத்தேன், கோபிக்க வேண்டாம். சனிக்கிழமை அம்மா கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாவாம். நீங்கள் ஜன்னலோரம் கதிரையில் அசந்துபோய்த் தூங்கியிருந்தீர்களாம். கண்டி பஸ்ஸிலேயே ஏறிவிட்டாவாம். மத்திய சந்தையடியில் நின்று எல்லாரிடமும் ஹேவாஹெட்ட பஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவவை ஹாஷிம் அங்கிள் கண்டு த்ரீவீலில் ஏற்றி வந்தாராம். நீங்கள் அதுவரை குண்டசாலைத் தெருவெல்லாம் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறீர்கள். "நானா அன்னையிலருந்து யாரோடயும் பேசலம்மா, பகிடியும் இல்ல" என்று சொன்னா. அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

கதவில் அந்தக் கருவி இருந்திருந்தால் உங்கள் போன் அடித்திருக்கும், அப்பா. நீங்கள் எழும்பியிருப்பீர்கள். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நான் அதை உங்களுக்குச் சரியாகச் சொல்லித்தரவில்லை. எனக்குப் பார்ப்பதற்காக மாட்டினேன். உங்களை எழுப்புவதற்காக மாட்டியிருக்க வேண்டும். அந்தப் பிழை என்னுடையது.

பெரிய வெள்ளிக் கோட்டை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. பாதியில் விழுந்திருக்கிறது. அன்றைக்கு நான் அது எழும்பியதை மட்டும் பார்த்தேன். எங்கே நின்றது என்று பார்க்கவில்லை. இப்போது அந்தச் சின்ன வெட்டைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். வேலை செய்யும்போது பக்கத்தில் கிடக்கிறது. அது என்ன என்று ஒருவர் கேட்டார். எங்கள் அம்மா என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

கட்டிலைப் பிடித்து வைக்க வேண்டாம் என்று சிஸ்டருக்கு எழுதிவிட்டேன். நான் வருகிறேன். வந்து உங்கள் இருவரோடும் இருந்து, கண்ணால் பார்த்து, உங்களிடம் கேட்டுத்தான் எதுவும். கோட்டைப் பார்த்து இல்லை. ஆனால் நீங்களும் எனக்கு உண்மை சொல்ல வேண்டும். உங்களால் தனியாக முடியுமா? அந்த ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கருவி இல்லை.

கதவுக் கருவியை மட்டுமாவது திரும்ப ஒட்டுங்கள்.

ஜெஸ்மின்


குண்டசாலை
06.05.2025

மகள்,

ஒட்டிட்டேன். அலுமாரி சாவிய எங்க வச்சேன்னு தேடவே நேரம் போயிருச்சு. மறதி எனக்கும் வந்துருச்சுன்னு றம்லத் கிட்ட சொன்னேன். "நானாவுக்கு மறதி வந்தா ஊருக்கு நல்லது, பழைய பகிடி எல்லாம் கொறயும்"னு சொல்றா. ஹாஷிம் போன்ல மணிச் சத்தம் வர மாதிரி செஞ்சி குடுத்தான். கதவ தொறந்தா என் சட்ட பையில கோயில் மணி அடிக்குது. மொத தடவ நான் எந்திரிச்சி சிலுவ போட்டுட்டேன்.

பகிடி விட்டா நான் சொகமா இருக்கேன்னு நெனைக்காத. விடாட்டி பயப்படுவியேன்னு விடுறேன்.

கேத்தல் கருவிய போடல. அது வேணாம். குசினியும் வேணாம். அங்க நடக்குறது நான் தான்னு இனி ஒனக்கு தெரியுமே, எதுக்கு கோடு. பலகைய மட்டும் திருப்பிட்டேன். நீலம் ஓடுது.

காலையில றம்லத்தோட மச்சாள் பஸ்லினா வந்து அம்மாவ குளிப்பாட்டி விடுறா. நான் செஞ்சா சத்தம் போடுறா, "கண்டக்டர் சேலைய தொடுறான்"னு தெருவுக்கே கேக்குற மாதிரி. கட்டுன பொஞ்சாதி. யாருகிட்ட சொல்லி சிரிக்கிறது?

ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கேன், கேளு. ஜன்னல் பக்கம் ரெண்டு கதிரைய முன்னும் பின்னுமா போட்டுட்டேன், பஸ் சீட்டு மாதிரி. முன்னால அவள உக்கார வச்சிட்டு பின்னால நான். றோட்ட பாத்துக்கிட்டு பேசாம இருக்கா. நான் எடத்து பேரெல்லாம் சொல்லுவேன். தென்னகும்புற தாண்டியாச்சு, வளைவு வருது, கம்பிய புடிச்சிக்கங்க. கையால கதிரைய புடிச்சிக்கிறா. இப்பயும் அப்புடித்தான். இத மடியில வச்சி எழுதிக்கிட்டு, எழுதுறத சத்தமா வாசிச்சி காட்டுறேன். தலையாட்டுறா. எவளுக்கோ யாரோ எழுதுறான்னு நெனைக்கிறா போல. "நல்ல மனுசன்"னா. என்னய தான்.

நீ கேட்டதுக்கு வர்றேன். அத தான் இவ்ளோ நேரமா சுத்திக்கிட்டு இருக்கேன், ஒனக்கே தெரியும்.

முடியல மகள்.

நான் கண்ண மூடுனா அவ எறங்கிருவாளோன்னு இருக்கு. கண்ண மூடாம எத்தன நாள் இருக்க முடியும். பாதி நேரம் எனக்கே பஸ்ஸு ஓடுதா நிக்கிதான்னு தெரியல. சனிக்கெழம ரோட்டுல ஓடுறப்ப, மொத தடவையா, அந்த இல்லத்த பத்தி யோசிச்சேன். அங்க கேட்டு இருக்குன்னு யோசிச்சேன். கேட்டு பூட்டியிருக்கும்னு யோசிச்சி எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதி வந்ததுக்கு என்னய நானே அடிச்சிக்கலாம் போல இருந்துச்சு.

சிஸ்டர் கிட்ட நீ திரும்ப எழுதுறதா இருந்தா ஒண்ணு கேளு. கேட்டுல நிக்க ஒரு ஆள் வேணுமான்னு கேளு. கேட்ட தொறக்க, மூட, பூவுக்கு தண்ணி ஊத்த. படுக்க ஒரு கொட்டில் இருந்தா போதும், உள்ள கட்டில் வேணாம். யாரு ஏறுறா, யாரு எறங்குறான்னு பாக்குறது எனக்கு தெரிஞ்ச வேல தான. அவளுக்கும் ஒரு கண்டக்டர் வாசல்ல நிக்கிறதா இருக்கும்.

வேணாம்னு சொன்னா, அப்ப நீ வந்து தான் பேசணும். ஆனா கொண்டு போறதா இருந்தா நேரா நீர்கொழும்புக்கு போகக் கூடாது. அதுக்கு முன்ன ஒரு தடவ, ஹாஷிம்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், நம்ம மூணு பேரும் அவள கூட்டிக்கிட்டு

எந்திரிச்சிட்டா. தலாத்துஓயா வந்துருச்சாம்.

இன்னும் எழுதி முடிக்கலன்னு சொல்றேன். "நீங்க எழுதுங்க கண்டக்டர், எனக்கு நேரமாச்சு"ங்கிறா. பைய மாட்டிட்டா. மணி அடிக்குது. கதவ சாத்திட்டா.

போறேன். நீ பொறவு பலகைய பாப்பதான. நீலக் கோடு ரெண்டு தடவ எழும்பியிருக்கும். பயப்படாத. மொதல்ல எழும்புனது அவ. ரெண்டாவது நான்.